பட்டினி அண்ணாச்சி சாப்பிட்ட இடங்கள்

பகல் ஒன்று நாற்பது. அச்சங்குளம் தாண்டி மண் சாலை பிரிகிற இடத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு தினசரிக் காலண்டர். கடை இல்லை, சுவர் இல்லை, கூரை இல்லை. ஒரு வேப்பமரம், மரத்தில் ஓர் ஆணி, ஆணியில் காலண்டர். அதில் தேதி பதினேழு நாள் பின்தங்கியிருந்தது. கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது.

மொபெட் நின்றது. ஓட்டிக்கொண்டிருந்த பட்டினி அண்ணாச்சி இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றியபடி காலண்டரைப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் முகம் தெரியவில்லை. பிடரி தெரிந்தது. அது சிவந்துகொண்டிருந்தது.

"பதினேழு நாளு," என்றார். "பதினேழு நாளாத் தேதி கிழிக்காத பொம்பள, கருவாட்ட மட்டும் இன்னைக்குக் கழுவியிருப்பாளாக்கும்."

மரத்தடியில் மூன்று குண்டான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். அண்ணாச்சி ரகசியம் பேசினாலே சாத்தூரில் கேட்கும்.

விருதுநகர் மாவட்டத்தில் பட்டினி அண்ணாச்சியைவிட நன்றாகச் சாப்பிட்டவர் ஒருவரும் கிடையாது. அவரைவிடக் கோபமாகச் சாப்பிட்டவரும் கிடையாது. அவரோடு ஒருமுறை பயணம் போனவர்களுக்கு வயிற்றுப்புண் வந்தது. இரண்டு முறை போனவர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நான் மூன்றாவது முறையும், அதற்குப் பிறகும் போனேன். நான் அப்போது ஒரு நாளிதழின் விருதுநகர் நிருபர். என் மோட்டார் சைக்கிள் மாதத்தில் பாதி நாள் மெக்கானிக் வீட்டில்தான் குடியிருந்தது.

அண்ணாச்சியின் தொழில், சிவகாசியில் காலண்டர் அச்சிடுகிற கம்பெனிகளுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பது. ஆடியில் புது சாம்பிள் ஆல்பம் வரும். ஏழெட்டு ஆல்பங்களை மொபெட்டின் முன்பக்கம் அடுக்கிக் கட்டிக்கொண்டு தீபாவளி வரை ஊர் ஊராக, கடை கடையாகப் போவார். இத்தனை சுமையோடு அந்த மொபெட் போகும் வேகத்தில், பின்னால் வருகிற ஆட்டு மந்தை ஹாரன் இல்லாத குறையாக நம்மை ஒதுங்கச் சொல்லும்.

தினமும் மதியச் சாப்பாடு வழியில்தான். வழியில் என்றால் எல்லா வழியிலும் இல்லை. நாலுவழிச் சாலையோரம் பஸ் நிற்கிற ஓட்டல்களை அவர் ஓட்டல் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். "பஸ்சுக்கு டீசல் போடுறாப்ல ஆளுக்குச் சோறு போடுறான்" என்பார். ஊருக்குள் இருக்கிற கடைகளுக்கு ஒரு பரீட்சை உண்டு. உணவுப் பட்டியலைப் பார்க்க மாட்டார், கூட்டத்தைப் பார்க்க மாட்டார், வாசனை பிடிக்க மாட்டார். வாசலில் மொபெட்டை நிறுத்தி, இறங்காமல், கழுத்தை மட்டும் நீட்டி உள்ளே சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்ப்பார். அன்றைய தேதி இருந்தால் சாப்பாடு. முந்தைய தேதி இருந்தால் மொபெட் கிளம்பிவிடும்.

"காலையில எந்திரிச்சு ஒரு தாளக் கிழிக்க முடியாதவன், முந்தா நாளு சாம்பார எப்படிலே கீழ ஊத்துவான்?"

இதற்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை.

திருத்தங்கலில் காலண்டர் அட்டை ஒட்டுகிற பெண்கள்தான் அவருக்குப் பட்டினி என்று பெயர் வைத்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த விற்பனைப் பையன்களைக் கம்பெனி அவரோடு அனுப்பும். காலையில் தலை வாரி, பவுடர் போட்டுப் போகிற பையன் சாயங்காலம் உதடு வெடித்து வந்து இறங்குவான். "என்னடா, பட்டினியோட போனியா?" என்று கேட்பார்கள். பெயர் அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. பெயருக்குப் பின்னால் அண்ணாச்சி சேர்க்காமல் சொன்னால்தான் சண்டைக்கு வருவார்.

என் முதல் பயணத்தில் விருதுநகரிலிருந்து வெம்பக்கோட்டை வரை பதினோரு கடைகளை நிராகரித்தார். ஒரு கடையில் தேதி ஒருநாள் பின்னால். ஒன்றில் காலண்டரே இல்லை, அதற்குப் பதில் சிவப்பு எழுத்தில் ஓடுகிற மின்சாரக் கடிகாரம். அதைப் பார்த்ததும் கடைக்காரரைக் கூப்பிட்டு, "உங்க வீட்ல யாராச்சும் சிவகாசிப் பக்கம் வாக்கப்பட்டிருக்காகளா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "தப்பிச்சாக," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையில் தேதி இரண்டு நாள் முன்னால் இருந்தது. பரிமாறுகிறவர் கை துடைக்கத் தாள் கிழித்திருக்கிறார். எனக்கு நினைவிருக்கிறவரை அண்ணாச்சி ஒரு மனிதரை அடிக்கக் கை ஓங்கியது அந்த ஒருமுறைதான்.

"பிந்துனவன்கூடப் பரவால்லலே. இவன் நாளைக்கு வர்ற ராகு காலத்துல கையத் துடைச்சிட்டான்."

சாத்தூர் பஸ் நிறுத்தத்தில் கூடையில் வெள்ளரிக்காய் விற்றார்கள். நான் ஒன்றை எடுத்தேன். அவர் அதைப் பிடுங்கித் திருப்பி வைத்தார். "பசிய ஏமாத்தாதலே பேப்பரு. பசியோட போனாத்தான் சோத்துக்கு மரியாத." பத்திரிகைக்காரன் என்பதால் நான் பேப்பரு.

என் சொந்தக்காரப் பையன் ஒருவன் இன்னொரு நாள் தன் செல்போனைக் காட்டி, இந்த ஓட்டலுக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். அண்ணாச்சி மொபெட் பையிலிருந்து ஒரு காலண்டரை உருவி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "இந்தா, அசுவதி, பரணி, கார்த்தியல். தெனத்துக்கு ஒண்ணு நான் குடுக்கேன். இதுக்கு நீ இட்லி சாப்பிடுவியா?"

எரிச்சலோடு ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். பரீட்சையில் தேறிய கடைகள் ஒன்றுகூடச் சோடை போனதில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஓலைக் கொட்டகையில் ஒருவர் இட்லி விற்றார். முதல் ஈடு இறங்கி, அதில் ஒன்றைத் தானே தின்று பார்த்துவிட்டுத்தான் அன்றைய தேதியைக் கிழிப்பார். இட்லி சரியில்லையென்றால் மாவைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவார். அதுவரை ஊருக்கு நேற்றுதான். அங்கே அண்ணாச்சி பதினான்கு இட்லி சாப்பிட்டதை நான் எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு இட்லிக்கும் நடுவில் நாட்டில் மற்ற இட்லிகளின் நிலைமை குறித்துத் திட்டினார். அண்ணாச்சிக்குச் சிம்ம ராசி. அன்றைய தாளில் சிம்மத்துக்கு 'சாந்தம்' என்று பலன் போட்டிருந்தால், கூட வருகிறவர்களுக்கு நாள் சரியில்லை என்று பொருள்.

சாப்பாட்டைப் போலவே, பார்க்கிற இடங்களிலும் அவருக்குப் பிடிவாதம் உண்டு. இந்தக் கோபம் தொழிலிலிருந்து வந்தது. மாதக் காலண்டர்களில் சாமி படங்களுக்கு அடுத்தபடி விற்பது வெளிநாட்டு சீனரி. கல்லால் கட்டிய வீடு, சன்னலில் சிவப்புப் பூ, வீட்டை ஒட்டி ஓடை, ஓடையில் நான்கு வாத்து. மூலையில் பொடி எழுத்தில் பிரான்ஸ் நாட்டுக் கிராமம் என்றிருக்கும். கீழே கொட்டை எழுத்தில் ஏதாவது ஒரு சிமெண்ட் கடையின் பெயர். முப்பது வருடமாக ஆல்பத்தில் அந்தப் படம் மாறவில்லை. முப்பது வருடமாக அதுதான் முதலில் விற்றுத் தீர்கிறது.

"முப்பது வருசமா இந்த வாத்துகளச் சுமக்கேன்லே பேப்பரு. அங்கன எந்தப் பிரான்சுக்காரனாச்சும் கடைச் சுவத்துல சாத்தூர்க் கண்மாய மாட்டியிருக்கானான்னு விசாரிச்சுச் சொல்லு."

வெம்பக்கோட்டைச் சாலையில் கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு மேடு உண்டு. அங்கே நின்றால் மழை வருவது இரண்டு மைலுக்கு முன்பே தெரியும். முதலில் தூரத்துப் பனைகள் மறையும், பிறகு பக்கத்துப் பனைகள், பிறகு சட்டை நனையும். அண்ணாச்சி அந்த மேட்டில் நிறுத்தாமல் போனது கிடையாது. மழை வராத நாளிலும் நிறுத்துவார். வராத மழையைப் பத்து நிமிடம் பார்ப்போம். என் வயிறு இரைகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு வருடம் அந்த மேட்டைத் தன் போனில் படம் பிடித்து, கம்பெனிக்குத் தெரியாமல் பெரிதாக அச்செடுத்து, ஆல்பத்தில் வாத்துப் படத்துக்கு அடுத்த பக்கம் செருகிவிட்டார். மேட்டுக்கு அருகிலேயே உரக்கடை வைத்திருந்த ஒருவர் பக்கம் புரட்டிக்கொண்டே வந்தவர் அதில் கையை வைத்தார்.

"இது அம்சமா இருக்கு அண்ணாச்சி. இது எந்த நாடு?"

"உங்க கடைக்குப் பின்னால."

உரக்கடைக்காரர் எட்டி, சன்னல் வழியாகப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். யோசித்தார்.

"அப்போ வாத்தே போட்டுருங்க."

அன்றைக்கு மதியம் அண்ணாச்சி சாப்பிடவில்லை. தேதி சரியாக இருந்த கடையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்டவர்தான் அந்த ஆவணி மாதத்துப் பகலில், வேப்பமரத்தில் பதினேழு நாள் பிந்திய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெம்பக்கோட்டையில் குடிநீர் கேட்டு மறியல் என்று எனக்குத் தகவல் வந்து, அவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போயிருந்தேன். நாங்கள் போன வேகத்தில் மறியல் முடிந்து, குடிநீர் வந்து, அதுவும் தீர்ந்திருந்தது. காலையிலிருந்து இருவரும் சாப்பிடவில்லை.

மரத்தடியில் இருந்தவள் பெயர் பேச்சியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேச்சியக்கா என்றுதான் அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது. மண் சாலையின் மறுமுனையில் ஒரு பட்டாசுக் கம்பெனி. பெயர் வேண்டாம். அதன் வாசல் கதவில் அதிகாரிகள் ஒட்டிய தாள் இங்கிருந்தே தெரிந்தது.

"வாங்க அண்ணாச்சி," என்றாள். "சாப்பிட்டீகளா?"

"எங்கன சாப்பிட? நீ தேதி கிழிச்சே மாசம் ஒண்ணாகப் போகுது. உனக்கு இன்னைக்கு என்ன கெழமன்னாவது தெரியுமா தாயி?"

"வியாழக்கெழம."

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"திங்கக்கெழம."

"பெறகு?"

அவள் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த அகப்பையைக் குண்டானின் விளிம்பில் சாய்த்து வைத்தாள்.

"கம்பெனி ஓடுற அன்னைக்குத்தான் அண்ணாச்சி தேதி கிழிப்பேன். ஞாயித்துக்கெழமைய மட்டும் திங்கக்கெழம சேத்துக் கிழிச்சிருவேன். ஓடாத நாள எனக்கு எதுக்குக் கிழிக்கணும்? சம்பளம் வாங்குறவுகளுக்கும் அது நாளு இல்ல, சோறு விக்கிறவளுக்கும் நாளு இல்ல."

மொபெட்டின் எஞ்சின் அதுவரை ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி சாவியைத் திருப்பி அணைத்தார். முப்பது வருடத்தில், தேதி தப்பான ஒரு கடை வாசலில் அவர் வண்டியை அணைத்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

வேறு எங்கோ ஒரு ஆலையில் வெடி விபத்து. அதன் பிறகு சுற்று வட்டாரத்தில் எல்லா ஆலைகளிலும் ஆய்வு. இந்தக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குப் பக்கத்திலேயே சரக்கைக் குவித்து வைத்திருந்தார்கள் என்று உரிமத்தை நிறுத்தி, கதவை மூடிவிட்டார்கள். மூடியது சரிதான். மருந்து என்பது வெடிமருந்து. அதன் பக்கத்தில் எதையும் குவிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். குறையைச் சரி செய்து காட்டினால் திறக்கலாம். சீசன் நேரம், ஒரு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்று வேலையாட்கள் நம்பினார்கள். மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது.

பேச்சியக்காவும் முன்பு அதே கம்பெனியில் திரி வெட்டியவள்தான். பிறகு சோறு கொண்டுவர ஆரம்பித்தாள். பட்டாசு ஆலைக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்ட முடியாது. ஆகையால் அது அடுப்பில்லாத ஓட்டல். விடியற்காலையில் ஊரில் சமைத்து, குண்டான்களைச் சாக்கில் சுற்றி, வைக்கோல் திணித்துக் கட்டி, ஆட்களை ஏற்றுகிற கம்பெனி வேனிலேயே கொண்டுவந்து இறக்குவாள். பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது கை வைக்க முடியாத சூடு இருக்கும். இப்போது வேன் ஓடவில்லை. சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறாள்.

"யாருக்குத் தாயி கொண்டாற?" என்றார் அண்ணாச்சி.

"கதவ மூடுனாலும் வாட்ச்மேன் உண்டுல்ல? நாலு கம்பெனிக்கு நாலு பேரு. பெறகு ஆட்டுக்காரக ரெண்டு பேரு. ஆவணி முடியட்டும்னு பாக்கேன். திருப்பூருல என் தங்கச்சி இருக்கா. பனியன் கம்பெனிக்கு வான்னு கூப்பிடுதா. திறந்தா இருப்பேன், இல்லாட்டிப் போயிருவேன்."

அண்ணாச்சி இறங்கினார். தரையில் விரித்திருந்த சாக்கில் உட்கார்ந்தார். கோபமாக இருந்ததால் அவர் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"ஆம்லெட் உண்டா?"

பேச்சியக்கா கம்பெனிப் பக்கம் கையைக் காட்டினாள். "அங்கன குடோன்ல ஒரு லோடு மருந்து இருக்கு அண்ணாச்சி. அடுப்ப மூட்டவா?"

 

சோறு வந்தது. மொச்சையும் கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு. வைக்கோலுக்குள் ஏழு மணி நேரம் இருந்ததில் மொச்சை குழைந்து, ஆனால் தோல் விடாமல், குழம்போடு ஒன்றாகியிருந்தது. நான் பல ஊர்களில் அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வந்த குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன். எதுவும் இதன் கிட்டே வராது. அண்ணாச்சி எதையும் திட்டாமல் சாப்பிட்டார். அதைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது.

கை கழுவிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏலே பேப்பரு. இந்தச் சீல் வச்ச சேதிய எழுதுனது நீதான?"

"ஆமா அண்ணாச்சி."

"எம்புட்டு எழுதுன?"

"ரெண்டு வரி. விபத்துக்கு முதல் பக்கம். ஆய்வுக்கு உள்பக்கம்."

"எத்தன கம்பெனிய மூடுனாகன்னு எண்ணிப் போட்டிருந்தியே. மூணு குண்டான் மூடிக் கெடக்கே, அத எண்ணுனியா?"

நான் எண்ணவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து, அதிகாரியின் அறிக்கையைப் பார்த்து எழுதியது அது. இங்கே நான் வந்ததே இல்லை.

"நாஞ்சொல்றேன் கேளு," என்றார், இந்தத் தடவை சாத்தூருக்குக் கேட்காத குரலில். "தேதி கிழிச்சிருக்கானா இல்லையான்னுதான் இம்புட்டு நாளும் பாத்தேன். ஏன் கிழிக்கலைன்னு ஒருத்தன்கிட்டயும் கேட்டதில்ல."

மறுநாளே பழைய கணக்கைச் சரிசெய்யக் கிளம்பினார். தேதி பிந்தியதற்காகப் பத்து வருடமாக ஒதுக்கிவைத்திருந்த ஒரு கடைக்குப் போய், ஏன் தேதி கிழிப்பதில்லை என்று மரியாதையாக விசாரித்தார். கடைக்காரர் கொட்டாவி விட்டபடி, "மறந்து போயிருது," என்றாராம். சாம்பாரும் புளித்திருந்ததாம். "அவன் வெறும் சோம்பேறிப்பயதாம்லே," என்று எனக்குப் போன் செய்து கத்தினார். பேச்சியக்காவைத் தவிர மற்றவர்களுக்குப் பரீட்சை பழையபடியே நீடித்தது.

அதன் பிறகு அவர் செய்ததைச் சேவை என்று சொல்ல முடியாது. அடாவடி என்றுதான் சொல்ல வேண்டும். சாம்பிள் ஆல்பம் பார்க்க விரும்புகிற வாடிக்கையாளர்கள் இனிமேல் பகல் பன்னிரண்டு மணிக்கு வேப்பமரத்தடிக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். கடைக்குக் கொண்டுவர முடியாது, முதுகு வலிக்கிறது என்றார். விருதுநகர் ஹார்டுவேர் கடைக்காரர், சிவகாசி ஜவுளிக்கடைக்காரர் என்று வெள்ளைக் கார்கள் மண் சாலையில் தட்டுத் தடுமாறி வந்தன. வருகிறவர்களை முதலில் சாக்கில் உட்கார வைப்பார். இலை காலியானால்தான் ஆல்பம் திறக்கும்.

ஹார்டுவேர் கடைக்காரர் பாதியில் கையை உதறினார். "காரம் கூடுதல் அண்ணாச்சி. ஸ்பூன் இருக்கா?"

"உங்க கடையில கரண்டி விக்கீகள்ல? எடுத்துட்டு வந்துருக்கணும். தின்னுங்க."

"ஆல்பத்தக் காட்டுங்களேன்."

"மொச்ச இருக்கு இலையில."

பேச்சியக்காவுக்கு இதில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. "அண்ணாச்சி, வாரவுகள வெரட்டாதீக. அவுக பயந்துபோய்த் திங்காக. பயந்து திங்குறவுகளுக்கு எப்படிச் சோறு போட?" என்றாள். அவர் கேட்கவில்லை. ஆவணி முடிய ஆறு நாள் இருந்தது. காரில் வருகிறவர்கள் தினம் நாலைந்து பேர்தான். அவர்களில் இரண்டாம் முறை வந்தவர் ஒருவரும் இல்லை. இதை அவள் சொல்லவில்லை. நானே பார்த்தேன்.

கடைசியில் அவர் அந்தக் கம்பெனி முதலாளியையே கூட்டி வந்தார். முதலாளி அவருடைய வாடிக்கையாளர்தான். வியாபாரிகளுக்குக் கொடுக்க வருடா வருடம் காலண்டர் போடுவார். அண்ணாச்சியின் ஆர்டர்களில் அதுவே பெரியது. மென்மையாகப் பேசுகிற, ஒல்லியான மனிதர். தன் கம்பெனி வாசலில் இப்படி ஒரு சாப்பாட்டுக் கடை இருப்பது தெரியும், ஆனால் சாப்பிட்டதில்லை என்றார். சர்க்கரை வியாதியாம். மோர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

"எப்பத் திறக்கப் போறீக?" என்றார் அண்ணாச்சி.

"பாக்கணும் அண்ணாச்சி. வேல கொஞ்சம் இருக்கு."

"சரக்க வேற எடத்துக்கு மாத்தி, ஒரு செவரு எழுப்பணும். ஒரு வார வேல. மூணு வாரமா ஒரு செங்கல் வந்து எறங்கல. நான் தெனமும் இங்கனதான் ஒக்காந்துருக்கேன்."

முதலாளி சிரித்தார். பிறகு உண்மையைச் சொன்னார். அதில் மறைக்க ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு வேறொரு ஊரில் இன்னொரு யூனிட் இருந்தது. இந்த வருட ஆர்டரையெல்லாம் அங்கே திருப்பிவிட்டார். அங்கே ஆட்கள் இரண்டு பங்கு வேலை பார்க்கிறார்கள். இதை அவசரமாகத் திறக்கத் தேவையில்லை, தீபாவளி கழியட்டும் என்றார்.

பேச்சியக்கா அகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய அகப்பையை மறுபடி கழுவினாள்.

நான் அண்ணாச்சியின் கூச்சலுக்குக் காத்திருந்தேன். எனக்கே கத்த வேண்டும்போல இருந்தது. அண்ணாச்சி ஆல்பத்தின் நாடாவை முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"உங்களுக்கு இந்த வருசம் நான் காலண்டர் போட்டுத் தரல. அடுத்த வருசமும் இல்ல. வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"என்ன அண்ணாச்சி, இருபது வருசப் பழக்கம்."

"அதான் மோரு குடுத்தேன்."

 அண்ணாச்சியின் காலண்டர் கம்பெனியில் அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்து, அவரைக் கூப்பிட்டு வைத்து ஒரு மணி நேரம் ஏசினார்கள். திருத்தங்கல் பெண்கள் ஒருவாரம் அவரைப் பட்டினி என்று கூப்பிடவில்லை.

பட்டாசுக் கம்பெனி அவர் கோபத்தால் திறக்கவில்லை. வேலை இழந்த ஆட்கள் வேனை எதிர்பார்க்காமல் இரண்டு பஸ் மாறி கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். பேச்சியக்காவும் போனாள். நானும் போனேன், இந்த முறை குண்டான்களையும் எண்ணி எழுதினேன். பத்திரிகை அலுவலக டெஸ்க்கில் அதை வெட்டினார்கள். சண்டை போட்டு எட்டு வரி வாங்கினேன். மூன்றாம் நாள் மனு கொடுக்கப் போன கூட்டம் இரண்டு மடங்காக இருந்தது. அதற்கு அடுத்த நாள் கம்பெனி வாசலில் செங்கல் இறங்கியது. சுவர் எழும்பியது. அதிகாரிகள் வந்து அளந்து பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை திறக்கச் சொன்னார்கள். பேச்சியக்கா திருப்பூர்த் தங்கைக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை நானும் அண்ணாச்சியும் பன்னிரண்டு ஐந்துக்கு மரத்தடிக்குப் போனோம். அவர் இஸ்திரி போட்ட வேட்டி கட்டியிருந்தார்.

உட்கார இடம் இல்லை. கையிலும் புருவத்திலும் அலுமினியப் பொடி மின்ன, ஆட்கள் சாக்கை நிறைத்து, சாக்குக்கு வெளியேயும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "ஏக்கா, இங்கன கொழம்பு." "ஏலே, கொஞ்சம் நவுண்டு ஒக்காரு, இது உங்க அய்யா போட்ட சாக்கா?" பேச்சியக்கா நிமிராமல் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிழல் முழுவதும் ஆட்கள். அண்ணாச்சி வெயிலில் நின்றார்.

"தாயி, ரெண்டு எல."

அவள் யாரென்றுகூடப் பார்க்கவில்லை. "பெறகு வாங்க. வேலைக்குப் போறவுக மொதல்ல சாப்பிடட்டும்." பிறகுதான் குரலை அடையாளம் கண்டு நிமிர்ந்தாள். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. "ஒண்ணே காலுக்கு மேல வாங்க அண்ணாச்சி."

நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு, ஆல்பங்களின் மேல் துண்டை விரித்து, அதன் மேல் கையை ஊன்றி நின்றார்.

"சத்தம் போடாம நில்லுலே பேப்பரு," என்றார். நான் வாயே திறக்கவில்லை.

கடைசி ஆள் எழுந்தபோது மணி ஒன்று இருபத்தைந்து. குழம்புக் குண்டானைச் சாய்த்துப் பார்த்த பேச்சியக்கா, அது காலியாகியிருக்க, ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் மோர்ச்சோறும் ஆளுக்கு இரண்டு வெங்காயமும் கிடைத்தது.